தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி

அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு தரங்கம்பாடி போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திருநள்ளாறு சேர வேண்டும். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும்தானே? "கோட்டையும் கடலும்தான் சார், வேற ஒண்ணும் இல்ல" என்கிறார் டிரைவர். இந்தியாவின் முதல் அச்சகம் அங்கேதான் இருந்தது என்று எங்கோ படித்தேன். அதையும் பார்க்கலாமா?

ஜனவரி 9, இரவு

டிரைவர் பேச்சைக் கேட்காதீர்கள். வேனைக் கோட்டை மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்துவார், நீங்கள் கோட்டையைச் சுற்றிவிட்டு, கடலைப் பார்த்து, சுண்டல் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவீர்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஊரைப் பார்ப்பதில்லை.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வெள்ளையடித்த நுழைவாயில் ஒன்று வரும். 1792-இல் புதுப்பித்துக் கட்டியது, பீட்டர் ஆங்கர் இங்கே டேனிஷ் கவர்னராக இருந்தபோது. மேலே டென்மார்க் அரசரின் முத்திரை இருக்கும். அங்கேயே எல்லாரும் இறங்கிக்கொள்ளுங்கள், வேன் காலியாகப் போய் மைதானத்தில் நிற்கட்டும். அங்கிருந்து கிழக்கே கடல்வரை போவதுதான் கிங் ஸ்ட்ரீட். பெரியவர்களும் நடந்துவிடலாம், அவ்வளவு குட்டித் தெரு. ஆனால் அந்த ஒரு தெருவில் இரண்டு தேவாலயங்கள், தூண் வைத்த திண்ணை வீடுகள், பழைய கவர்னர் பங்களா எல்லாம் வந்துவிடும். கோட்டை கடைசியில்.

வெள்ளிக்கிழமை கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முகூர்த்தம் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சகம் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது பெரிய சண்டை.

ஜனவரி 10

"டச்சுக்காரன் கட்டின கோட்டைக்கு எதுக்கு டென்மார்க் முத்திரை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணே, டச்சு வேறு, டேனிஷ் வேறு. டச்சு என்றால் ஹாலந்து, டேனிஷ் என்றால் டென்மார்க். எங்கள் பக்கத்திலேயே பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

குழம்பத்தான் செய்யும். இந்தக் கரையில் எவன் எந்த ஊரில் இருந்தான் என்பதே ஒரு தமாஷ். நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுக்கீசியர், 1658-இலிருந்து டச்சுக்காரர், 1781-இல் ஆங்கிலேயர். காரைக்காலில் 1739-இலிருந்து பிரெஞ்சுக்காரர். நடுவில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். நாகப்பட்டினம்வரை போனால் வேனில் ஒரு மத்தியானத்துக்குள் மூன்று நாட்டுக் கொடியைத் தாண்டிவிடுவீர்கள். அவர்கள் காலத்தில் ஒருவர் துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்பது மற்றவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஜனவரி 10, பிற்பகல்

டென்மார்க்காரன் ஏன் இங்கே வந்தான் என்று அதே நண்பர் தொடர்ந்திருக்கிறார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: அவர்கள் இங்கே வருவதற்காகக் கிளம்பவில்லை.

1618-இல் ஓவ கியெத்த என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டது இலங்கைக்கு. கண்டி மன்னருக்குப் போர்ச்சுக்கீசியரை விரட்ட ஆள் வேண்டும், டென்மார்க்குக்கு மிளகும் பட்டையும் வேண்டும். பேச்சை முடித்துக் கொடுத்த இடைத்தரகர் வழியிலேயே இறந்துபோனார். கியெத்த போய்ச் சேர்ந்தபோது கண்டி அரசருக்கு அதில் அக்கறை இல்லை. திருகோணமலைப் பக்கம் கொஞ்ச நாள் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குள் முன்னால் போன சிறிய கப்பல் ஒன்று காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியரிடம் அடிபட்டது. அதில் தப்பிக் கரையேறியவர்களில் ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பாருங்கள், இந்தக் கிராப்பே டச்சுக்காரர்! அதனால் மேலே கேட்ட அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நாயக்கருக்கோ போர்ச்சுக்கீசியரை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம், இன்னொரு வியாபாரி வந்தால் நல்லது என்ற கணக்கு. 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. கடலோரம் ஒரு மீனவக் கிராமம், கோட்டை கட்டிக்கொள்ள உரிமை, வருடாவருடம் நாயக்கருக்குக் கட்ட வேண்டிய தொகை.

அப்போது நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு எழுதிய கடிதம், பனையோலை வடிவத்தில் அடித்த பொன் தகட்டில், தமிழில். இன்றும் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தெலுங்கு பேசும் அரசர், டேனிஷ் பேசும் அரசருக்குத் தமிழில் எழுதியிருக்கிறார். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 11

"மீனவக் கிராமம்" என்று நேற்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். டேனிஷ்காரன் வருவதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார். நியாயம்தான். கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கற்றளி, 1306 என்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்தவர்கள், வரி கட்டிய வணிகர்கள் எல்லாம் டேனிஷ்காரருக்கு 300 வருடம் முன்னால் இருந்தவர்கள். வெறும் மணலில் ஒரு பாண்டியன் கோயில் கட்டமாட்டான்.

ஆனால் 1620-இல் அது பெரிய துறைமுகம் இல்லை. அந்த வட்டாரத்துப் பெரிய துறைமுகம் நாகப்பட்டினம், அது போர்ச்சுக்கீசியர் கையில். நாயக்கர் கொடுத்தது மிஞ்சிக் கிடந்ததை. இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

ஜனவரி 11, இரவு

துறைமுகம் என்றதும் கப்பல் வந்து மேடையில் அணைவதுபோல் நினைக்க வேண்டாம். அங்கே அப்படி எதுவும் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலை உடைகிற இடத்தைத் தாண்டிச் சலங்குப் படகிலும் கட்டுமரத்திலும் வரவேண்டும். கயிற்றால் தைத்த படகு, ஆணி கிடையாது. அலை தூக்கிப் போட்டாலும் வளைந்துகொடுக்கும். ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் பிளந்துபோகும். அதனால் கவர்னராகவே இருந்தாலும் கரையில் கால் வைப்பது பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தாரின் தயவில்தான். கோட்டையின் மேல்தளத்தில் நின்று பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பீரங்கி வைத்திருந்தவனும் படகோட்டிக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

ஜனவரி 13

பொங்கல் வேலைக்கு நடுவே இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். ஊர் வரலாற்றிலேயே விசித்திரமான பகுதி.

1622-லிருந்து 1637 வரை டென்மார்க்கிலிருந்து கிழக்கே புறப்பட்டவை 18 கப்பல்கள். திரும்பிப் போய்ச் சேர்ந்தவை 7. அரசரோ ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போரில் மாட்டிக்கொண்டு கஜானாவைக் காலி செய்துகொண்டிருந்தார். 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் அனுப்புவதே நின்றுபோனது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, கிட்டத்தட்ட முப்பது வருடம் ஒரு கப்பலும் கிளம்பவில்லை.

தரங்கம்பாடியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? சம்பளம் இல்லை, கடிதம் இல்லை. வங்காள விரிகுடாவில் போகிற வங்காளக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்துப் பிழைத்தார்கள். அதற்கு "போர்" என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1648-இல் சொந்த ஆட்களே கலகம் செய்து வில்லெம் லையெல் என்ற தலைவரை இறக்கினார்கள். 1650-இல் கோபன்ஹேகனில் இந்த வியாபாரத்தை நடத்திய கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையை ஜெர்மனியின் பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்கு விற்க விலைகூடப் பேசினார்கள். வாங்குகிறவர் கையில் பணம் புரளவில்லை, அதோடு போயிற்று.

மிச்சம் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறந்துபோக, 1655-இல் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்க என்பவர் கைக்கு வந்தது. பெரிய குடும்பத்து ஆள் இல்லை. இவரை யாரும் நியமிக்கவுமில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். குத்தகை வரவில்லை என்று நாயக்கர் படை வந்து நிற்க, 1660 வாக்கில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். போகிற வருகிற வேற்று நாட்டுக் கப்பல்களில் கோபன்ஹேகனுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1669-இல் அரசாங்கக் கப்பல் வந்தபோது கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது. அவருக்கு முறைப்படி பதவி கொடுக்கும் உத்தரவும் அந்தக் கப்பலில்தான் வந்தது. பதினான்கு வருடம் பார்த்த வேலைக்கு ஆர்டர்!

இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தெருக்களின் அமைப்பே அவர் போட்ட மதிலுக்குள் அடங்கியதுதான். ஆனால் சுற்றுலாப் பயணிகளிடம் கேட்டால் யாருக்கும் இவர் பெயர் தெரியாது. எல்லாரும் கியெத்த பெயரைச் சொல்வார்கள். அவரோ இங்கே இருந்தது சில மாதம்.

ஜனவரி 16

இனி அச்சகம். "இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருந்தாலும் அது தப்பு. இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது கோவாவுக்கு, 1556-இல். "சரி, தமிழில் முதல் அச்சு இங்கேதானே" என்பார்கள். அதுவும் இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக்கு அடிகளார் செய்தது. அப்புறம் அந்தப் போர்ச்சுக்கீசிய அச்சுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின.

தரங்கம்பாடியின் பெருமை வேறு. நின்றுபோன தமிழ் அச்சு இங்கே மறுபடி உயிர்பெற்று, அதற்குப் பிறகு தொடர்ந்தது. அதைச் செய்தவர் சீகன்பால்க். ஜெர்மன்காரர், மதம் பரப்ப டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய பாதிரியார், கூடவே புளூட்சோ என்ற இன்னொருவர். 1706 ஜூலை 9-ஆம் தேதி கரையிறங்கினார்கள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுதிப் பழகினார். அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், ஓலைச்சுவடி எங்கே கிடைக்கும் என்று அலைந்தது தெரியும்.

அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து கிளம்பியது. வழியில் அந்தக் கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். மீட்டு அனுப்பினார்கள். கூட வந்த அச்சர் பாதி வழியில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-இல் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. ரொம்பப் பெரிய எழுத்து. அந்த அளவில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் முழுதாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் முழுப் புதிய ஏற்பாடு அச்சானது அதுதான் முதல் தடவை. "முதல்" என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

கேட்டவருக்குப் பதில்: அந்தப் பழைய இயந்திரம் அங்கே இல்லை. சீகன்பால்க் இருந்த வீடு பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது, அச்சு சம்பந்தமானவற்றை அங்கே பார்க்கலாம்.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுவிட்டேன். சீகன்பால்க் கோட்டைக்குள் விருந்தாளியாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அங்கே சிறையில் இருந்தார். அரசர் அனுப்பிய ஆளை அரசரின் கவர்னரே பிடித்து உள்ளே போட்டார், 1708 நவம்பர் முதல் நான்கு மாதம். கவர்னர் ஹாசியஸுக்கு வியாபாரம் கெடக் கூடாது. பாதிரியார் ஊரில் நியாயம் பேச ஆரம்பித்தால் வியாபாரம் கெடும். கம்பெனிக்கும் மிஷனுக்கும் கடைசிவரை இந்த உரசல் இருந்தது.

கோட்டையில் கீழ்த்தளத்து அறைகளைப் பார்க்கும்போது யாராவது "இதுதான் குதிரை லாயம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கிடங்கு, சமையல்கட்டு, வெடிமருந்து, சிறை எல்லாம் கீழே. மேலே கவர்னரும் பெரிய வியாபாரியும் பாதிரியாரும் தங்கினார்கள். மிளகு மூட்டைக்கு மேலே சாமி கும்பிட்டார்கள் என்று எங்கள் வாத்தியார் கிண்டல் செய்வார்.

ஜனவரி 17

இரண்டு தேவாலயம் ஏன் இவ்வளவு பக்கத்தில் என்று நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. சீயோன் தேவாலயம் 1701-இல் டேனிஷ்காரருக்காகக் கட்டியது. புதிய எருசலேம் தேவாலயம் 1718-இல், தமிழ்ச் சபைக்காக. அதற்கு முன்னால் கடலோரம் கட்டிய மிஷன் கோயிலை 1715-இல் புயலும் கடலும் கொண்டுபோயின. புதியது சிலுவை வடிவில் இருக்கும். முகப்பில் மன்னர் கிரீடமும் எழுத்துமுத்திரையும் இருக்கும். உள்ளே பீடத்துக்கு முன்னால் சீகன்பால்க் கல்லறை. கோயில் திறந்து நாலே மாதத்தில், 1719 பிப்ரவரி 23-இல் இறந்துபோனார். வயது 36.

இந்த சபையின் தலைமைப் பேராயருக்கு இன்றும் தரங்கை பேராயர் என்றுதான் பட்டம், அலுவலகம் இருப்பதோ திருச்சியில். எங்கள் ஊருக்கு மிஞ்சிய அதிகாரம் அது ஒன்றுதான்.

ஜனவரி 19

ஓசோன் காற்று. யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டார்கள். "உலகத்திலேயே ஓசோன் அதிகம் உள்ள கடற்கரை, ஆஸ்துமாவுக்கு நல்லது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருக்கு, கூட்டிட்டு வரலாமா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், கடற்காற்று யாருக்கும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஓசோன் கதையை விட்டுவிடுங்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்கும், அது நல்லது. தரைமட்டத்தில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை எரிச்சலாக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்குத்தான் முதலில் கெடுதல். தரங்கம்பாடியில் நிஜமாகவே ஓசோன் அதிகமாக இருந்தால் பலகை வைத்து ஆட்களைத் துரத்த வேண்டும், அழைக்கக் கூடாது. கடலோரம் போனால் வருகிற அந்த வாசனை கடல்பாசியும் நுண்ணுயிர்களும் வெளியிடுகிற கந்தகச் சேர்மத்தால் வருவது. கடலோர வாசனையை ஓசோன் என்று சொல்லி ஆரோக்கியத்துக்கு விற்றது 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடற்கரை ஊர்களின் வழக்கம். அது எப்படியோ நம்மூர் போர்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதைச் சொன்னதற்கு ஊரில் என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்றார்.

ஜனவரி 20

மாசிலாமணிநாதர் கோயில் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "புதுப்பித்துக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார், இன்னொருவர் "பூஜை நடக்கிறதே, அது போதாதா" என்கிறார்.

நான் சின்ன வயதில் பார்த்தபோது முன்பக்கம் முழுக்கக் கடலில் போயிருந்தது. அலை வந்து கல்லில் அடிக்கும், விமானம் மட்டும் தனியாக நிற்கும். தரங்கம்பாடி என்றால் பத்திரிகையில் அந்தப் படம்தான் வரும். இப்போது கரையில் பாறாங்கல் கொட்டி, முன்பக்கத்தைக் கட்டி, வண்ணம் பூசி நிற்கிறது. முதலில் பார்த்தபோது எனக்கும் மனசு ஒப்பவில்லை. பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுச் சிமெண்ட் நிற்பதை யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்திருந்தது கோயில் இடிந்து கிடந்த காட்சி. படம் பிடிக்க வருகிறவனுக்கு இடிந்த கோயில் அழகு. பக்கத்துத் தெருவில் குடியிருந்து, அலை ஒவ்வொரு வருடமும் ஒரு கல் எடுத்துப் போவதைப் பார்க்கிறவருக்கு அது வேறு. அவர்கள் விளக்கேற்ற ஆசைப்பட்டதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்ணம் மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், அதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஜனவரி 20, இரவு

கடல் எடுத்தது என்றால் சுனாமியைச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்கள். கோயில் போனது சுனாமியில் இல்லை. அது பல தலைமுறையாக அரித்து அரித்துப் போனது. மதிலின் கடல்பக்கமும் அப்படித்தான் போயிற்று.

2004 டிசம்பர் 26 வேறு கணக்கு. தரங்கம்பாடி மீனவர் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். கோட்டை நின்றது. கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வரும். பிறகு வீடுகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன. வலையும் படகும் வைத்த இடம் ஒன்று, குடியிருப்பு ஒன்று என்றாகிப்போனது. இதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விருப்பமில்லை.

ஜனவரி 24

கவர்னர் பங்களா, கமாண்டர் வீடு, தூண் வைத்த வீடுகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கப்பலே வராமல் கிடந்த ஊர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மடக்கியிருக்கிறார் மாயவரம் நண்பர்.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. காரணம் டேனிஷ்காரரின் சாமர்த்தியம் இல்லை, மற்றவர்களின் சண்டை. அமெரிக்க சுதந்திரப் போரில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், பிறகு டச்சுக்காரர் எல்லாம் ஒருவர் கப்பலை ஒருவர் பிடிக்க ஆரம்பித்தார்கள். டென்மார்க் நடுநிலை. ஆகவே சரக்குப் பத்திரமாகப் போக வேண்டுமென்றால் டேனிஷ் கொடிக் கப்பல் வேண்டும். ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகளே தாங்கள் இங்கே சுருட்டிய பணத்தைத் தங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் ஊருக்கு அனுப்ப டேனிஷ் வியாபாரிகளைப் பிடித்தார்கள். ஊர் செழித்தது. இன்றைக்கு நாம் "டேனிஷ் அழகு" என்று படம் எடுக்கிற வீடுகளில் பல அந்த ஹவாலாப் பணத்தில் எழுந்தவை என்பது என் அபிப்பிராயம்.

துணிதான் முக்கியச் சரக்கு. மிளகு எதிர்பார்த்த அளவு கிடைக்கவே இல்லை. பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியிருக்கிறார்கள். கிங் ஸ்ட்ரீட் அழகில் இது மறந்துவிடக் கூடாது.

கொடி நடுநிலையாக இருக்கும்வரைதான் இந்த வாழ்வு. நெப்போலியன் போரில் டென்மார்க் மாட்டிக்கொண்டதும் 1808-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள், 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது வியாபாரம் திரும்பவில்லை. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். 225 வருடக் கடையை ஒரு வழியாக மூடினார்கள்.

ஜனவரி 25

விற்ற பிறகு உடனே ஊர் செத்துப்போகவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்கே கலெக்டர் கச்சேரி கொஞ்ச காலம் தரங்கம்பாடியில் இருந்தது, 1860 வரை. அப்புறம் தஞ்சாவூருக்கு மாறியது. அடுத்த வருடமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கெல்லாம் ரயில் வருகிற துறைமுகத்துக்குப் போயிற்று. இங்கே ரயில் வந்தது 1926-இல், மாயவரத்திலிருந்து மீட்டர் கேஜ். அப்போது ஏற்றுவதற்கு என்ன இருந்தது? படிக்கிற பிள்ளைகளும் மீன்கூடையும். 1986-இல் அதையும் நிறுத்தினார்கள். என் மாமா அந்த ரயிலில் பொறையாறு கல்லூரிக்குப் போய் வந்தவர். "நடந்தே போயிருக்கலாம், ரயில்ல போனா தூங்கலாம், அதான்" என்பார். பாதையைத் திரும்பப் போடப்போகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வரும். மாமா இப்போது அதைப் படிப்பதில்லை.

கோட்டை என்ன ஆயிற்று? 1978 வரை அது அரசு பயணியர் விடுதி! சாப்பாடு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கவர்னர் அறையில் படுத்துத் தூங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அப்புறம்தான் தொல்லியல் துறை கைக்குப் போனது.

எனக்கு எப்போதும் தோன்றுவது இது: நாகப்பட்டினம் வியாபாரத்தில் ஜெயித்தது, அதனால் அங்கே டச்சுக்கோட்டையின் சுவடு தேடவேண்டியிருக்கிறது. தரங்கம்பாடி தோற்றது, யாரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தேவைப்படவில்லை. நம்மூர் வறுமைதான் தெருவைக் காப்பாற்றியது. இதை எழுதும்போது சந்தோஷமாக இல்லை.

ஜனவரி 31

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். வாசலில் இறங்கி நடந்தார்களாம், அத்தை மட்டும் வேனை விட்டு இறங்கவில்லையாம். மூன்று மணி நேரம் ஆகி, திருநள்ளாறு போகும்போது இருட்டிவிட்டதாம், டிரைவர் முறைத்தாராம். அத்தைக்குச் சொல்லுங்கள், அடுத்த தடவை வரட்டும்.

கடற்கரையில் ஒரு பையன் "டேனிஷ் காசு" என்று இரண்டு செப்புக்காசு காட்டினானாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள். இந்த ஊரில் டேனிஷ்காரர்கள் ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தது உண்மை, மழைக்குப் பிறகு கரையில் காசு கிடைப்பதும் உண்மை. போலியாக இருந்தால் உங்கள் பணம் போகும். அசலாக இருந்தால் நூறு வருடத்துக்கு மேற்பட்டது, 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அசல் காசுகளை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் டிக்கெட் விலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: ஊருக்குள் வகையாக எதிர்பார்க்காதீர்கள். மதியத்தில் கடற்கரை ஓரத்து ஒரு கடையில் நான் வாங்கிய மீன் குழம்பு முதல் நாளுடையது, பெயர் வேண்டாம். பொறையாறு போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பஸ் அடிக்கடி இருக்கிறது.